வாசல் வெளிச்சத்தில் பார்

ஜூன் 12

தங்கச்சிக்கு,

ஒன்பது நாளாக உன் போன் அடித்து அடித்து ஓய்கிறது. பஸ் டிப்போ நம்பருக்குக் கூப்பிட்டால் யாரோ எடுத்து, "டைம் கீப்பர் மேடம் வேலையா இருக்காங்க" என்கிறார். நீ பின்னால் நின்று கையை ஆட்டிச் சொல்லிக் கொடுப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. அதனால் எழுதுகிறேன். உங்கள் ஏழு மணி பஸ் எங்கள் பெயின்ட் கடைக்கு எதிரில்தான் திரும்புகிறது. ஓட்டுநர் கையில் கொடுத்தால் நான்கு மணி நேரத்தில் உன் மேசைக்கு வந்துவிடும்.

நான் வாலுவை அடிக்கவில்லை.

இதை நாலு தாளில் எழுதிக் கிழித்துப் போட்டேன். எப்படி எழுதினாலும் குற்றவாளி எழுதுகிற மாதிரியே இருக்கிறது.

நீ மூன்று வாரப் பயிற்சிக்குப் போனாய். வாலுவின் அப்பா கப்பல் வேலையில் இருக்கிறார். ஏழு வயதுப் பிள்ளையை என்னிடம் விடாமல் வேறு யாரிடம் விடுவாய்? திரும்பி வந்து, செருப்பு மாட்டிவிடக் குனிந்தவள் அவள் காலைப் பார்த்தாய். கணுக்காலிலிருந்து தொடை வரை கருஞ்சிவப்புப் பொட்டுகள். "என்ன பண்ணினே இவள?" என்று கேட்டாய். என் வாயடைத்ததையே சாட்சியாக எடுத்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். தெருவே பார்த்தது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும். டப்பா மூடியைச் சரியாக அடிக்காதவர்களை நான் பேசாத பேச்சில்லை. அதற்காகப் பிள்ளை மேல் கை வைப்பேனா? நீயே சொல்.

அவளுக்கு இப்போது எப்படி இருக்கிறது? அதை மட்டுமாவது எழுது.

அக்கா


ஜூன் 14, காலை 5.50, டிப்போ

அக்காவுக்கு,

உன் கடிதம் முந்தாநாள் 11.08க்கு வந்தது. கிழிக்கவில்லை.

உன்னிடமிருந்து வந்த மறுநாள் காலை வயிற்று வலியில் சுருண்டு படுத்தாள். இரண்டு கணுக்காலும் வீங்கி, தரையில் கால் ஊன்ற முடியவில்லை. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தோம். பிள்ளைகள் டாக்டர் ஒரு கண்ணாடித் துண்டைப் பொட்டின் மேல் வைத்து அழுத்திப் பார்த்தார். நிறம் மறையவில்லை. "இது அடிச்சதால வந்ததில்லம்மா. உள்ள இருக்கிற சின்னச் சின்ன ரத்தக் குழாய் எல்லாம் புண்ணாகி, ரத்தம் தோலுக்கு அடியில கசியுது" என்றார். பிள்ளைகளுக்கு வருகிற நோய்தானாம். பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடுமாம். ஆனால் அதே மாதிரிச் சின்னக் குழாய்கள் சிறுநீரகத்திலும் இருக்கின்றன. அங்கே போய்விட்டால் வலிக்காது, வெளியே தெரியாது. சிறுநீரில் ரத்தமும் புரதமும் கசிவதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆறு மாதம் விடாமல் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

ஆக, நீ அடிக்கவில்லை. எழுதிவிட்டேன்.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து எரிச்சலாக இருந்ததே, அது என்ன? டாக்டர் அதைப் பார்த்து, "இது இந்த நோய்ல வர்றதில்லையே" என்றார். வாலுவிடம் கேட்டால், "பெரியம்மா தேச்சாங்க" என்கிறாள். எதற்கு, என்னத்தைத் தேய்த்தாய்? எழுது. சுற்றி வளைக்காமல் எழுது.

தங்கை


ஜூன் 15

தங்கச்சிக்கு,

இதைக் கேட்பாய் என்று தெரியும். முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன்.

நீ வருவதற்கு இரண்டு நாள் முன்பு வாலு கடைக்கு வந்து என் கூடவே இருந்தாள். அன்று கம்பிக் கதவுகளுக்கு அடிக்கிற கருஞ்சிவப்பு ரெட் ஆக்சைடு நிறைய கலக்கினோம். சாயங்காலம் வீட்டில் பார்த்தால் அவள் காலெல்லாம் அதே நிறத்தில் புள்ளிப் புள்ளியாக இருந்தது. டப்பா அருகே நின்று தெறித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். இந்தக் கடைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. யாராவது ஒரு துண்டுத் துணியைக் கொண்டுவந்து நீட்டினால் அதே நிறத்தைச் சுவருக்குக் கலக்கிக் கொடுக்கிறவள் நான். எனக்குத் தெரியாத நிறமா என்ற திமிர். துணியில், பெயின்ட்டைக் கரைக்கிற தின்னரைத் தொட்டுத் தேய்த்தேன். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். "எரியுது பெரியம்மா" என்றாள். "பெயின்ட்டோட விளையாடினா எரியத்தான் செய்யும், ஆடாம நில்லு" என்றேன். மறுநாள் காலையில் பொட்டுகள் அதிகமாகியிருந்தன. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். மறுபடியும் தேய்த்தேன்.

ரத்தத்தைப் பெயின்ட் என்று நினைத்துத் தேய்த்திருக்கிறேன். நீ, "என்ன பண்ணினே இவள?" என்று கேட்டபோது எனக்கு வார்த்தை வராததற்கு இதுதான் காரணம். ஏதோ பண்ணியிருந்தேனே.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து ஒரே கேள்விதான் மண்டையைக் குடைகிறது. அந்தத் தின்னரால்தான் இது வந்ததா? அந்த வாடை, அந்தத் துணி, இதெல்லாம் சேர்ந்து அவள் ரத்தக் குழாயைக் கெடுத்துவிட்டதா? டாக்டரிடம் கேட்டு எழுது. எனக்காக மூடி மறைக்க வேண்டாம். உன்னை நான் எதுவும் கேட்கிற நிலையில் இல்லை, இதை மட்டும் கேட்கிறேன்.

அக்கா


ஜூன் 23, காலை 6.05, டிப்போ

அக்காவுக்கு,

பதில் எழுத எட்டு நாள் ஆகிவிட்டது. முதல் நான்கு நாள் உன் மேல் கோபம். ஐந்தாவது நாள் டாக்டரைப் பார்த்தேன்.

தின்னரால் வரவில்லை என்கிறார். திரும்பத் திரும்ப மூன்று விதமாகக் கேட்டேன், மூன்று தடவையும் அதையேதான் சொன்னார். பொட்டு வந்த பிறகுதானே நீ தேய்த்தாய். தோல் உரிந்ததும் ஆறிவிட்டது. சளி, தொண்டை வலி வந்து போன பிறகு சில பிள்ளைகளுக்கு உடம்பு தன் குழாய்களையே எதிரியாக நினைத்துக்கொள்ளுமாம். "முன்னாடி தொண்டை வலி ஏதாவது இருந்ததா?" என்று கேட்டார். இருந்தது. உன்னிடம் கொண்டுவந்து விட்ட வாரம் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. உனக்குச் சொன்னால் ஊரைக் கூட்டுவாய், பயிற்சிக்குப் போக விடமாட்டாய் என்று நான் சொல்லவில்லை. அதுவும் யார் தப்பும் இல்லையாம். டாக்டர் பெருந்தன்மையானவர்.

தின்னர் என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இத்தனை பேரிடம் உன்னைப் பற்றிப் பேசியிருக்க மாட்டேன். அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. அதனால் நீ இப்போது வர வேண்டாம். எழுது. எழுதினால் படிக்கிறேன்.

இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. காலை 5.10க்கு அவளை எழுப்புகிறேன். முதல் சிறுநீரைப் பிடித்து, டாக்டர் கொடுத்த சோதனை ஸ்டிரிப்பை நனைத்து எடுத்து, சரியாக அறுபது விநாடி கழித்து அதன் புட்டியில் ஒட்டியிருக்கும் நிறப் பட்டையோடு ஒப்பிட வேண்டும். புரதத்துக்கு மஞ்சள் என்றால் ஒன்றுமில்லை. பச்சை ஏற ஏறக் கசிவு அதிகம். டிப்போக் கடிகாரத்தோடு நேரம் சரிபார்த்த கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டுதான் பார்க்கிறேன். ஐம்பத்தொன்பதும் இல்லை, அறுபத்தொன்றும் இல்லை. நோட்டில் தேதி போட்டு எழுதுகிறேன். இதுவரை எல்லா நாளும் 'இல்லை'.

தங்கை


ஜூலை 10

தங்கச்சிக்கு,

தின்னர் இல்லை என்று படித்ததும் கடையில் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டேன். முதலாளி வந்து, "என்னம்மா, மயக்கமா?" என்றார். "இல்ல சார், நிம்மதி" என்றேன். அவருக்குப் புரியவில்லை. சோடா வாங்கிக் கொடுத்தார்.

நீ வராதே என்றாய், வரவில்லை. எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் அது பொய். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் அவளுடைய ஒற்றைக் காலுறையை வைத்துக்கொண்டு, இதன் ஜோடி எங்கே போயிற்று என்று கட்டிலுக்கடியில் தேடினேன். ஜோடி உன் வீட்டில்தான் இருக்கும் என்று தெரிந்தே தேடினேன்.

உன் ஓட்டுநரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடிதத்தை என் கையில் கொடுக்கும்போது, எரிகிற அடுப்பில் எதையோ போடுகிற மாதிரி தூர நின்று நீட்டுகிறார். "வாலு எப்படி இருக்கா?" என்று கேட்டால், "உங்களுக்குத் தெரியாதா?" என்கிறார், எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு. டிப்போவில் என்னைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறாய்?

ஆறு மாதத்தில் ஒரு மாதம் போயிற்று. 'இல்லை, இல்லை' என்றே எழுதிக்கொண்டு போ. உன் வாழ்க்கையில் நீ இத்தனை தடவை 'இல்லை' சொல்லி நான் சந்தோஷப்பட்டதே கிடையாது.

அக்கா


ஆகஸ்ட் 2, காலை 5.45, டிப்போ

அக்காவுக்கு,

ஓட்டுநரிடம், எல்லாரிடமும், நீ பிள்ளையை அடித்துவிட்டதாக அழுதுகொண்டே சொன்னேன். வந்த அன்றைக்கே சொன்னேன். அதை இன்னும் திருத்தவில்லை. தினமும் திருத்த வேண்டும் என்று நினைக்கிறேன், ஆறு மணி பஸ், ஆறேகால் பஸ் என்று நேரம் போய்விடுகிறது. சாக்குத்தான். எனக்குத் தெரியும்.

நல்ல செய்தி சொல்கிறேன். நேற்றோடு ஐம்பத்தைந்து நாள் ஆகிறது, ஒரு நாள் கூடப் புரதம் இல்லை. பொட்டுகளும் இல்லை. முன்பெல்லாம் காலையில் எழுப்பினால் குச்சி மாதிரி இருப்பாள், இப்போது கன்னம் உப்பிக்கொண்டு, கண் திறக்கவே முடியாமல் குண்டாக எழுந்து வருகிறாள். மத்தியானத்துக்குள் கொஞ்சம் வடிந்துவிடும், ஆனால் காலையில் பார்க்க நன்றாக இருக்கிறது. ஷூ கூடப் பத்தவில்லை. சாப்பாடு கொஞ்சமாகத்தான் இறங்குகிறது, ஆனாலும் உடம்பு பிடிக்கிறது. கப்பலில் இருந்து பேசும்போது அவள் அப்பாவிடம் சொன்னேன், அவருக்கு ஒரே மகிழ்ச்சி.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு 19ஆம் தேதி போக வேண்டும். போன தடவை டாக்டர் என் நோட்டைப் புரட்டிப் பார்த்து, "உங்களை மாதிரி யாரும் எழுதறதில்ல" என்றார். உனக்குச் சிரிப்பாக இருக்கும், நான் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் குளியலறை ஜன்னல் இல்லாத பொந்து என்று நீ கிண்டல் செய்வாயே, அந்த மஞ்சள் சுவர் அறைதான் இப்போது என் சோதனைக்கூடம். அலமாரியில் புட்டி, நோட்டு, பேனா, எல்லாம் வரிசையாக வைத்திருக்கிறேன். வந்தால் கலைக்காதே. வருவதைப் பற்றி யோசிக்கிறேன்.

தங்கை


ஆகஸ்ட் 3, காலை 6.40, பஸ் நிற்கிற இடத்தில்

தங்கச்சி,

நேற்று சாயங்காலத்திலிருந்து நாலு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. இன்று உனக்கு வார விடுமுறை, வீட்டில்தான் இருப்பாய், ஏழு மணி பஸ்ஸில் நானே ஏறுகிறேன். நீ கதவைத் திறக்காவிட்டால் இந்தத் தாளைக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவேன். திட்டுவதற்கு முன் படி.

அவள் குண்டாகவில்லை. சாப்பிடாமல் எப்படிக் குண்டாவாள்? காலையில் கண் வீங்கி மத்தியானம் வடிகிறது, ஷூ பத்தவில்லை என்றால் அது நீர். சிறுநீரகம் கசிகிறதோ என்று பயப்படுகிறேன்.

ஸ்டிரிப்பை எந்த வெளிச்சத்தில் பார்க்கிறாய்? அந்தக் குளியலறையில் குண்டு பல்பு. சுவரும் மஞ்சள். மஞ்சள் பல்புக்கும் மஞ்சள் சுவருக்கும் நடுவில் வைத்தால் இளம்பச்சையும் மஞ்சளும் ஒன்றுபோலத் தெரியும். புட்டியில் ஒட்டியிருக்கும் நிறப் பட்டையும் அப்படியே ஏமாற்றும். எங்கள் கடையில் எந்த நிறத்தையும் கடைக்குள் வைத்து முடிவு செய்ய மாட்டோம். டப்பாவைத் திறந்து வாசலுக்குக் கொண்டுபோய், பகல் வெளிச்சத்தில் காட்டித்தான் கொடுப்போம். இதை உன்னிடம் ஜூன் மாதமே நான் கேட்டிருக்க வேண்டும். அறுபது விநாடி, அறுபது விநாடி என்று நீ எழுதியதைப் படித்து, என் தங்கச்சி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறாள் என்று நானும் நம்பிவிட்டேன்.

ஒரு புது ஸ்டிரிப் எடு. வாசல் வெளிச்சத்தில் பார். நான் உள்ளே வரக் கூடாது என்றால் படிக்கட்டிலேயே நிற்கிறேன். நீ பார்த்துவிட்டு நிறத்தை மட்டும் சொல்.

அக்கா


ஆகஸ்ட் 9, பிற்பகல் 2.20, ஆஸ்பத்திரி

அக்காவுக்கு,

நீ கடைக்குத் திரும்பிப் போய் நான்கு நாள் ஆகிறது. வாலு தூங்குகிறாள். இப்போது நேரம் கிடைத்தது.

அன்றைக்கு 11.20க்குக் கதவைத் திறந்தேன். உன் தாளைப் படிக்கவே இல்லை, உன் முகத்தைப் பார்த்ததும் வழிவிட்டுவிட்டேன். நீ தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. ஸ்டிரிப்பை மாடிப்படி ஜன்னலுக்குக் கொண்டுபோய், "இங்க வந்து பாரு" என்றாய். பச்சை. யாருக்கும் சந்தேகமே வராத பச்சை. அதையே எடுத்துக்கொண்டு குளியலறைக்கு ஓடி, பல்புக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். மஞ்சளாகத்தான் தெரிந்தது, அக்கா. அப்படியே வாலுவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

எத்தனை நாளாகக் கசிந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. என் நோட்டில் எல்லா நாளும் 'இல்லை' என்று இருக்கிறது. டாக்டர் அதை வாங்கிப் பார்த்தார், மூடிவைத்தார். ரத்த அழுத்தமும் ஏறியிருக்கிறது. வெள்ளிக்கிழமை முதுகுப் பக்கம் ஊசி விட்டுச் சிறுநீரகத்திலிருந்து நூலளவு சதை எடுத்தார்கள். அவள் அழவில்லை, என்னைத்தான் வெளியே போகச் சொன்னார்கள். வடிகட்டிகளில் அழற்சி இருக்கிறதாம், சிலவற்றில் வடு விழத் தொடங்கியிருக்கிறதாம். நேற்று முதல் ஸ்டீராய்டு. ரத்த அழுத்தத்துக்கும் கசிவைக் குறைக்கவும் ஒரு மாத்திரை. உப்பைக் குறைக்க வேண்டும்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டேன். "முன்னாடியே ஆரம்பிச்சிருப்போம். இப்பவும் தாமதம்னு சொல்லிட முடியாது. பெரும்பாலான பிள்ளைங்க நல்லா ஆயிடுவாங்க. உங்க பொண்ணு அதுல ஒருத்தியான்னு இன்னைக்கு என்னால சொல்ல முடியாது" என்றார். அவர் பொய் சொல்லாததற்கு நன்றி சொல்ல வேண்டும். எனக்கு நன்றி வரவில்லை.

உன் மேல் நான் எவ்வளவு பேச்சுப் பேசினேன். நீ என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு நாள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து அவளுக்குத் தலை வாரிவிட்டுப் போய்விட்டாய். நீ திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

தங்கை


ஆகஸ்ட் 11

தங்கச்சிக்கு,

திட்டு வேண்டுமா? சரி, வாங்கிக்கொள். குளியலறையில் மஞ்சள் அடிக்காதே என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன், பளிச்சென்று இருக்கும் என்று அடித்தாய். கழுதை. இதற்கு மேல் என்னிடம் திட்டு இல்லை.

நான் உன்னைத் திட்டினால், தின்னர்த் துணியோடு நின்ற என்னை யார் திட்டுவது? அவள் 'எரியுது' என்று வாய் திறந்து சொன்னாள், நான் கேட்கவில்லை. உனக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஸ்டிரிப்பும் சொல்லவில்லை. உன்னுடையது என்னுடையதைவிடச் சின்னத் தப்பு. இதைச் சமாதானம் சொல்வதற்காக எழுதவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

வடு என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு சொல்லை விட்டு என்னால் வெளியே வர முடியவில்லை. நேற்று ஒருவருக்குக் கிரீம் நிறம் கலக்கும்போது கறுப்பு இரண்டு சொட்டு அதிகம் விழுந்து, முழு டப்பாவும் அழுக்கு நிறமாகிவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் நான் அப்படிச் செய்ததில்லை. வீட்டுக்குப் போ என்று முதலாளி அனுப்பிவிட்டார். வீட்டில் யாரும் இல்லாததால் மறுபடி கடைக்கே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

நீ தினமும் எழுத வேண்டாம். ஸ்டிரிப் நிறத்தை மட்டும் ஒரு வரி எழுதி அனுப்பு. அந்த அடுப்பு மூஞ்சி ஓட்டுநரிடமே கொடுத்தனுப்பு, பரவாயில்லை.

அக்கா


அக்டோபர் 20, காலை 8.10, டிப்போ

அக்காவுக்கு,

தினமும் அனுப்பிய ஒரு வரித் துண்டுகளில் பார்த்திருப்பாய். புரதம் மூன்று பிளஸ்ஸில் தொடங்கி, இரண்டில் முரண்டுபிடித்து மூன்று வாரம் நின்று, இந்த மாதம் ஒன்றுக்கு வந்தது. ஐந்து நாளாக லேசான சாயல் மட்டும். எட்டு மணி ஷிப்ட்டுக்கு மாற்றிக்கொண்டு, விடிந்த பிறகு வாசல் வெளிச்சத்தில் பார்த்ததுதான். பக்கத்து வீட்டு அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டிவிடுகிறேன், அவர் இப்போது என்னைக் கண்டாலே கதவைச் சாத்துகிறார். ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பெரியவளான பிறகும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். பார்க்கிறேன்.

மாத்திரையில் முகம் ஊதிவிட்டது. பள்ளிக்கூடத்தில் யாரோ, "பூசணி" என்றார்களாம். இவள், "பூசணி ஒரு மாசத்துல இளைச்சிடும், உன் மூக்கு இளைக்காது" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று நான் யாரையும் கேட்கவில்லை.

நேற்று டிப்போவில் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்றேன். "ஜூன் மாசம் எங்க அக்கா என் பிள்ளைய அடிச்சதா உங்ககிட்ட சொன்னேன். அவ அடிக்கல. அது நோய். நான் தப்பாச் சொல்லிட்டேன். அதுமட்டுமில்ல, சிறுநீரகம் கெட ஆரம்பிச்சப்ப எனக்குத் தெரியல, அவதான் வந்து கண்டுபிடிச்சா" என்றேன். ஏழு மணி ஓட்டுநர்தான், "நான் அந்தம்மாகிட்ட நாலு மாசமா மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டிருந்தேனே மேடம், இனிமே எப்படி முகத்தப் பார்க்கிறது?" என்றார். நீயாவது அவரைப் பார்த்துச் சிரித்துவை.

இன்னொன்று. பயிற்சியின் இரண்டாம் பகுதி நவம்பர் 10 முதல் பத்து நாள். போகாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். வாலுவை உன்னிடம் விட்டுவிட்டுப் போகிறேன். மாத்திரை நேரம் எல்லாம் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். காலை ஸ்டிரிப் நீ பார். கேட்கவில்லை, சொல்கிறேன்.

தங்கை


நவம்பர் 17

தங்கச்சிக்கு,

இன்று காலைதான் போனில் பேசினோம், நாளை மறுநாள் நீயே வரப்போகிறாய். அப்புறம் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் சொல்ல முடியாமல் போனதை எழுதுகிறேன்.

காலையில் அவளுக்கு ஷூ மாட்டிவிடக் குனிந்தேன். இடது கணுக்காலில் ஆறு பொட்டு, வலதில் நான்கு. அதே நிறம். கையில் ஷூவை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாலுதான், "பெயின்ட் இல்ல பெரியம்மா, நான் கடைக்கே வரல" என்றாள். என்னைத் தேற்றுகிறாளாம். பொட்டுகள் திரும்ப வரலாம், வந்தால் உடனே சிறுநீரைப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னதாக உன் தாளில் எட்டாவது வரியில் இருந்தது. ஸ்டிரிப்பை வாசலில் பார்த்தேன். நேற்றைய அதே சாயல்தான், கூடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். வீக்கம், வயிற்று வலி இல்லையென்றால் பயப்பட வேண்டாம், நாளை காலை கூட்டிவாருங்கள் என்றார்கள். இதெல்லாம் முடிந்தது.

அதன் பிறகு உன்னைக் கூப்பிட வேண்டும். கூப்பிடவில்லை. கால் மணி நேரம் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் என் வீடு, மறுபடியும் அவள் கால். சாயங்காலம் சொல்லலாம், நாளைக்கு டாக்டர் பார்த்த பிறகு சொல்லலாம் என்று மனம் வழி தேடியது. நான் திருந்திவிட்டேன் என்று நினைத்திருந்தேன், இல்லை, இன்னும் அதே ஆள்தான். பிறகு வாலுவே உன் நம்பரை அழுத்தி என் காதில் வைத்துவிட்டாள்.

நீ எடுத்தாய். பொட்டு என்றேன். எத்தனை என்று கேட்டாய். சொன்னேன். ஸ்டிரிப் என்றாய். சொன்னேன். வாசலிலா என்றாய். வாசலில்தான் என்றேன். அடுத்து, 'என்ன பண்ணினே இவள?' என்று நீ கேட்கப்போவதற்காக நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீ, "சரி. நீ ஏதாவது சாப்பிட்டியாக்கா?" என்றாய்.

சாப்பிட்டேன் என்று சொன்னேன். பொய். மணி பதினொன்று ஆகியும் பச்சைத் தண்ணீர் கூட இறங்கவில்லை. போனை வைத்துவிட்டு, அவள் பார்க்கிறாளே என்று கூட நினைக்காமல் அழுதேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து, உப்பில்லாத முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டோம்.

அக்கா